அப்டேட் போட்ட பிறகு லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

அப்டேட் முடிந்து லேப்டாப் திரும்ப எழுந்ததும் வைஃபை அடையாளத்தையே காணோம். அல்லது அடையாளம் இருக்கிறது, பட்டியலில் ஒரு நெட்வொர்க்கும் இல்லை. அல்லது இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. மூன்றையும் "வைஃபை போச்சு" என்றுதான் சொல்வோம். காரணங்கள் வேறு, மருந்தும் வேறு.

இதில் மாட்டி அல்லாடி ஒருவழியாக வெளியே வந்த பிறகு எழுதுகிறேன். தேடினால் கிடைக்கும் கட்டளைகளில் பாதி வேறு வைஃபை கார்டுக்கானவை, மீதியில் பல பழசு. அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதைவிட, கோளாறு எந்த இடத்தில் என்று முதலில் பிரித்துப் பார்ப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். பெரும்பாலும் கார்டு கெட்டிருக்காது. அப்டேட்டோடு புதிய கெர்னல் (லினக்ஸின் மையக் கரு) வந்திருக்கும். கார்டின் டிரைவரோ (கார்டைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரல்) ஃபர்ம்வேரோ (கார்டுக்குள் ஓடும் நிரல்) அதனோடு ஒத்துப்போகாமல் நின்றிருக்கும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சூடோ என்று தொடங்குபவை நிர்வாகி உரிமையோடு ஓடுபவை. எல்எஸ்பிசிஐ என்பது போல எழுத்துப் பெயர்களாக இருந்தால் அந்தந்த எழுத்து. மோட்ப்ரோப் என்பது போலச் சொல்லாக இருந்தால் அந்தச் சொல். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன். முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் பொத்தானை அழுத்தினால் மீதியை டெர்மினலே நிரப்பும்.

1. எதையும் அழிக்காதீர்கள், முதலில் முழுதாக அணையுங்கள்

உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளையைத் தொடவே வேண்டாம். அது பழைய கெர்னலை நீக்கிவிடக்கூடும், உங்களுக்கு இப்போது கைகொடுக்கப்போவதே அந்தப் பழைய கெர்னல்தான். லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவும் யோசனையும் வேண்டாம். அதே பதிப்பை நிறுவி அதே அப்டேட்டைப் போட்டால் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

அடுத்து, ரீஸ்டார்ட் அல்ல, முழு ஷட்டவுன். சார்ஜரையும் கழற்றி ஒரு நிமிடம் விட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். சில கார்டுகள் ரீஸ்டார்ட்டின்போது மின்சாரம் முழுதாக அறுபடாமல் குழம்பிய நிலையிலேயே தொடர்கின்றன. அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை நிறுத்துங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறது.

ஆர்ச் வகையறாவில் இன்னொன்று உண்டு. கெர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைத் துண்டுகள்) வட்டில் இருக்காது. புதிதாகச் செருகும் கருவிகள் பல வேலை செய்யாது. ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடும்.

2. தற்காலிகமாக இணையத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள்

லேன் கேபிள் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் ஃபோனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, ஃபோனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் அநேகமாக எந்த டிரைவரும் நிறுவாமலே வயர்டு இணைப்பாகத் தெரியும். ஃபோன் வைஃபையில் இருக்கும்போதே டெதரிங் செய்தால் பல ஃபோன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியே தந்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது.

மொபைல் டேட்டாதான் கதி என்றால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். கெர்னல் ஹெடர்கள் (வெளி டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) சில பத்து எம்பி. லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியோ (பேக்கேஜ்) பல நூறு எம்பி. வெறுமனே முழு அப்கிரேடு ஓடவிட்டால் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துபோகும். புளூடூத் டெதரிங்கை நம்ப வேண்டாம். பல லேப்டாப்களில் புளூடூத்தும் வைஃபையும் ஒரே கார்டில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே படுத்திருக்கும்.

3. பழைய கெர்னலில் ஏறிப் பாருங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இதற்கு இணையம் தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

முதலில் 'யூநேம் -ஆர்' கட்டளையைத் தட்டி, இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் பொத்தானைத் தட்டுங்கள். பழைய பயாஸ் இயந்திரம் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். க்ரப் மெனு, அதாவது எதில் ஏறுவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் கெர்னல்கள் எண்ணோடு அடுக்கப்பட்டிருக்கும். ரிக்கவரி மோட் என்று இல்லாத, முந்தைய எண்ணுள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் க்ரப் என்ற சொல்லோடு வெறும் கறுப்புத் திரை வரலாம். பயப்பட வேண்டாம், அணைத்துவிட்டு மறுபடி ஒரே முறை தட்டுங்கள்.

ஃபெடோரா வழக்கமாக 3 கெர்னல்களை வைத்திருக்கும், அவை முதல் மெனுவிலேயே தெரியும். ஆர்ச்சில் பழைய கெர்னல் தங்காது. ஆனால் அதன் பொதி நிறுவியான பேக்மேனின் கேச் கோப்புறையில் பழைய பொதி பெரும்பாலும் இருக்கும்: வார், அதற்குள் கேச், பேக்மேன், பிகேஜி. அங்கிருந்து கெர்னலையும், ஹெடர்கள் நிறுவியிருந்தால் அவற்றையும் சேர்த்து 'பேக்மேன் -யூ' கொண்டு நிறுவலாம். யூ மட்டும் பெரிய எழுத்து.

பழைய கெர்னலில் வைஃபை வந்துவிட்டதா? கார்டு நலம், ரவுட்டர் நலம், கடவுச்சொல்லும் சரி. கோளாறு புதிய கெர்னலுக்கும் டிரைவருக்கும் இடையில்தான். அவசர வேலை இருந்தால் முடித்துவிட்டு, 4, 5 படிகளை நிதானமாகப் பாருங்கள்.

வரவில்லையா? அப்படியானால் கெர்னலோடு வந்த வேறு ஏதோ மாறியிருக்கிறது: ஃபர்ம்வேர், நெட்வொர்க்மேனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் சேவை), அமைப்புக் கோப்பு. எது மாறியது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி லேப்டாப்பிலேயே இருக்கிறது. உபுண்டு, டெபியனில் வார், லாக், ஆப்ட் கோப்புறைக்குள் ஹிஸ்டரி.லாக் கோப்பைத் திறந்து கடைசிப் பத்தியைப் படியுங்கள். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி'. ஆர்ச்சில் வார், லாக் கோப்புறையில் பேக்மேன்.லாக்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் ஏதாவது ஒரு லினக்ஸின் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே அதிலிருந்து ஓடுவது) ஏற்றிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் வன்பொருளைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

4. உங்கள் கார்டு எது, அதை எந்த டிரைவர் ஓட்டுகிறது

மறுபடி புதிய கெர்னலில் ஏறி 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' தட்டுங்கள். நீளமாக வரும், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று இருக்கும் பகுதியை மட்டும் பாருங்கள். அதன் முதல் வரியில் தயாரிப்பாளர் பெயரும், சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு நான்கெழுத்துக் குறியீடுகள் நடுவே முக்காற்புள்ளியுடனும் இருக்கும். அந்தக் குறியீடுதான் கார்டின் அடையாள அட்டை. பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரைவிட இதை வைத்துத் தேடினால்தான் சரியான விடை கிடைக்கும்.

அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இருந்து டிரைவர் பெயரும் இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, 6-ஆம் படிக்குப் போங்கள். வரியே இல்லை என்றாலோ, டிரைவர் இருந்தும் வைஃபை இடைமுகமே (கணினி பயன்படுத்தும் இணைப்பு முனை) உருவாகவில்லை என்றாலோ, 5-ஆம் படி உங்களுக்குத்தான். பட்டியலில் கார்டே இல்லையென்றால் பயாஸ் அமைப்பில் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா பாருங்கள். யூஎஸ்பி டாங்கிள் என்றால் இந்தக் கட்டளைக்குப் பதில் 'எல்எஸ்யூஎஸ்பி'.

இன்டெல் கார்டு என்றால் டிரைவர் ஐடபிள்யூஎல்வைஃபை. கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் மட்டும் தனியாக வேண்டும். பிராட்காமின் சில கார்டுகளுக்கு டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவரை வெளியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்பக் கட்ட (கம்பைல் செய்ய) வேண்டும். ரியல்டெக்கில் பல கார்டுகளுக்கு இப்போது கெர்னலிலேயே டிரைவர் உண்டு. முன்பு வெளியிலிருந்து டிரைவர் கட்டியவர்களுக்கு அதுவே புதிய தலைவலி.

5. டிரைவர் ஏறாததற்கு மூன்று காரணங்கள்

*அ. ஃபர்ம்வேர் இல்லை.* 'சூடோ டிமெசேஜ்' தட்டுங்கள். கட்டளையின் உண்மையான எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி. அதில் ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் எண்ணில் தொடங்கி, கிடைக்காவிட்டால் ஒவ்வொரு எண்ணாகக் கீழிறங்கித் தேடும். ஒவ்வொரு தோல்விக்கும் 'ஃபெயில்டு வித் எரர் -2' என்று ஒரு வரி விழும். -2 என்றால் கோப்பு இல்லை என்று மட்டுமே பொருள். இப்படிச் சில வரிகள் விழுந்து, கடைசியில் ஒரு ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டதாக வந்தால் எல்லாம் சரி. 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்' என்று முடிந்தால்தான் குறை.

உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைத் திரும்ப நிறுவுங்கள். ஆர்ச்சில் அது இப்போது தயாரிப்பாளர்வாரியாகப் பிரிந்திருக்கிறது, உங்கள் கார்டுக்கான பொதியைத் திரும்ப நிறுவுங்கள். ஃபெடோராவிலும் அது பல பொதிகளாகப் பிரிந்திருக்கிறது, புதிய இன்டெல் கார்டுகளுக்கு ஐடபிள்யூஎல்வைஃபை-எம்விஎம்-ஃபர்ம்வேர் இருக்கிறதா பாருங்கள். டெபியன் 11-லிருந்து 12-க்கு வந்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் ஃபர்ம்வேர்கள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டன. சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் அந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் பழையதிலேயே நின்றுவிடும். சேர்த்துவிட்டு 'ஆப்ட் அப்டேட்' போட்டு, பிறகு ஃபர்ம்வேர் பொதியை நிறுவுங்கள்.

*ஆ. வெளியிலிருந்து கட்டிய டிரைவர் புதிய கெர்னலுக்குக் கட்டப்படவில்லை.* பிராட்காம், ரியல்டெக் பயனர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வெளி டிரைவர்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் கட்டித் தரும் கருவி டிகேஎம்எஸ். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' தட்டினால் ஒவ்வொரு டிரைவரும் எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும். புதிய கெர்னலின் எண்ணோடு 'இன்ஸ்டால்டு' என்று வர வேண்டும். வெறும் 'ஆடட்' என்று நின்றால் கட்டப்படவில்லை என்று பொருள்.

பெரும்பாலும் புதிய கெர்னலுக்கான ஹெடர்கள் இல்லாததுதான் காரணம். உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ் என்ற பெயரோடு 'யூநேம் -ஆர்' தந்த எண்ணை ஒரு கோடு போட்டுச் சேர்த்து நிறுவுங்கள். ஃபெடோராவில் கெர்னல்-டெவல் பொதி. பிறகு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்'. கட்டி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஹெடர்கள் இருந்தும் பிழை வந்தால், அந்த டிரைவரின் மூலநிரலே புதிய கெர்னலுக்குப் பழசாகிவிட்டது. வார், லிப், டிகேஎம்எஸ் கோப்புறைக்குள் அந்த டிரைவரின் மேக்.லாக் கோப்பு காரணத்தைச் சொல்லும். டிரைவரின் புதிய பதிப்பு வரும்வரை பழைய கெர்னல்தான் வழி.

ரியல்டெக்காரர்கள் நேரெதிரான நிலையிலும் மாட்டலாம். புதிய கெர்னலில் உங்கள் கார்டுக்கான டிரைவர் உள்ளேயே வந்திருக்கும். நீங்கள் முன்பு கட்டியதும் இருக்கும். இரண்டும் ஒரே கார்டுக்குச் சண்டையிடும். கெர்னலில் உள்ள ஆர்டிடபிள்யூ88 அல்லது ஆர்டிடபிள்யூ89 உங்கள் கார்டை ஆதரிக்கிறது என்றால், வெளியிலிருந்து கட்டியதை நீக்கிவிடுங்கள். அடுத்த அப்டேட்டின்போதும் நிம்மதி.

*இ. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) தடுக்கிறது.* 'மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்' தட்டுங்கள். எனேபில்டு என்று வந்தால், கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடாது. 'சூடோ மோட்ப்ரோப்' என்பதோடு டிரைவர் பெயரைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் இதுதான் நோய்.

டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்ய, உபுண்டுவில் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ'. மற்றவற்றில் 'சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட்' என்பதோடு, வார், லிப், டிகேஎம்எஸ் கோப்புறையிலுள்ள மோக்.பப் கோப்பைத் தாருங்கள். கடவுச்சொல் கேட்கும். அது ஒரே ஒரு முறை பயன்படும், எளிதாக வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். சுமார் 10 விநாடிக்குள் ஏதாவது பொத்தானை அழுத்தாவிட்டால் அது போய்விடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். எழுந்துபோய்விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். என்ரோல் மோக், கன்டின்யூ, யெஸ், கடவுச்சொல், ரீபூட் என்று போக வேண்டும். அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால் கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகளைத் தவிர்ப்பது நல்லது.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். அதே வட்டில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்ட விண்டோஸ் இருந்தால், அணைத்ததும் அது மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

6. டிரைவர் இருக்கிறது, ரேடியோ அணைந்திருக்கிறது

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' தட்டுங்கள். சாஃப்ட் பிளாக்டு யெஸ் என்றால் 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். ஹார்டு பிளாக்டு யெஸ் என்றால் கட்டளையால் திறக்க முடியாது. லேப்டாப்பின் ஓரத்தில் சிறு சுவிட்ச் இருக்கிறதா, விமானப் படமுள்ள பொத்தான் இருக்கிறதா பாருங்கள்.

சுவிட்சே இல்லாத லேப்டாப்பில் ஹார்டு பிளாக்டு என்று வந்தால், தயாரிப்பாளருக்கான துணை மாட்யூல் தவறாகச் சொல்கிறது. லெனோவோ ஐடியாபேட் வரிசையில் ஐடியாபேட்_லேப்டாப், ஏசரில் ஏசர்_டபிள்யூஎம்ஐ. 'சூடோ மோட்ப்ரோப் -ஆர்' கொண்டு அதை இறக்கிப் பாருங்கள். வைஃபை வந்தால் மட்டும் நிரந்தரமாகத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். சில சிறப்புப் பொத்தான்கள் வேலை செய்யாமல் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

7. நெட்வொர்க் தெரிகிறது, இணைய மறுக்கிறது

'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' தட்டுங்கள். அன்மேனேஜ்டு என்று வந்தால் வேறு ஏதோ ஓர் அமைப்பு கார்டைப் பிடித்து வைத்திருக்கிறது. டெபியனில் ஈடிசி, நெட்வொர்க் கோப்புறையிலுள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் வைஃபை இடைமுகத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். அன்அவெய்லபிள் என்றால் 5, 6 படிகளுக்குத் திரும்புங்கள், அல்லது வைஃபை கடவுச்சொல்லைச் சரிபார்த்து இணைக்கும் டபிள்யூபிஏ_சப்ளிகன்ட் சேவை ஓடவில்லை.

சேமித்த இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகக் கடவுச்சொல் கொடுப்பது எளிய வேலை. ஆச்சரியப்படும் அளவுக்குப் பலன் தரும்.

அலுவலகம், பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பயனர் பெயரோடு நுழையும் வைஃபை மட்டும் போயிருந்தால், ஓபன்எஸ்எஸ்எல் 3 (மறையாக்க நூலகம்) வந்த பதிப்புக்கு மாறினீர்களா என்று பாருங்கள். உபுண்டு 22.04-இல் அது வந்தது. பழைய முறையில் பேசும் சர்வர்களை அது ஏற்பதில்லை. சரிசெய்ய வேண்டியது சர்வர் பக்கம்தான், அங்குள்ள நெட்வொர்க் நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

ரவுட்டரில் மேக் முகவரிப்படி (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள அடையாள எண்) அனுமதி வைத்திருப்பவர்கள் ஃபெடோரா 40-க்கு மாறியதும் வெளியே நிற்க நேரலாம். அந்தப் பதிப்பிலிருந்து ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி முகவரியைக் கணினியே உண்டாக்குகிறது. இணைப்பின் அமைப்பில் கார்டின் சொந்த முகவரியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

8. இணைந்திருக்கிறது, பக்கம் திறக்கவில்லை. அல்லது அடிக்கடி அறுகிறது

'பிங் 1.1.1.1' தட்டுங்கள். பதில் வருகிறது, ஆனால் ஏதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் வைஃபையில் குறையில்லை, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சிஸ்டம்டி-ரிசால்வ்டு' அந்தச் சேவை ஓடுகிறதா என்று சொல்லும்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். உபுண்டுவில் ஈடிசி, நெட்வொர்க்மேனேஜர், கான்ஃப்.டி கோப்புறைக்குள் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் கோப்பு இருக்கும். அதில் 3 என்றால் மின்சேமிப்பு ஆன், 2 என்றால் ஆஃப். 2 ஆக்கி, 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்' கொடுங்கள். சேவையின் பெயரில் என், எம் இரண்டும் பெரிய எழுத்து. பேட்டரி கொஞ்சம் வேகமாக இறங்கும்.

இன்டெல் கார்டுக்கு 11என்_டிசேபிள் என்று ஓர் அமைப்பை 1 ஆக்கச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. அதைப் போட்டால் இணைப்பு அறாமல் இருக்கலாம், ஆனால் வேகம் பழங்காலத்துக்குப் போய்விடும். சோதனைக்கு மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிடுங்கள்.

9. இப்போதைக்குப் பழைய கெர்னலிலேயே இருப்பதென்றால்

உபுண்டுவில் 'சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு' என்பதோடு லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் இரண்டையும் (எல்டிஎஸ் டெஸ்க்டாப்பில் இவற்றின் பின்னால் எச்டபிள்யூஇ என்பதும் பதிப்பு எண்ணும் சேர்ந்த பெயர்கள் இருக்கலாம், அப்படியானால் அவற்றை) தந்தால் மேலும் புதிய கெர்னல்கள் வராது. ஆர்ச்சில் நீண்ட காலம் பராமரிக்கப்படும் லினக்ஸ்-எல்டிஎஸ் கெர்னலைத் துணைக்கு வைத்துக்கொள்வது எப்போதுமே நல்லது. ஆனால் கெர்னலை நிறுத்தி வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நிற்கும். நாட்காட்டியில் இரண்டு மூன்று வாரம் தள்ளி ஒரு நாளைக் குறித்து, அன்று 'அன்ஹோல்டு' செய்து புதியதைச் சோதியுங்கள்.

10. உதவி கேட்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேப்டாப் மாடல், லினக்ஸ் பதிப்பு, வேலை செய்யும் கெர்னல் எண், செய்யாத கெர்னல் எண், 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' தரும் நெட்வொர்க் பகுதி, 'ஆர்எஃப்கில் லிஸ்ட்', டிமெசேஜ் முழுதாக ஒரு கோப்பில். இரண்டு கெர்னலிலும் தனித்தனியாக எடுத்த டிமெசேஜ் இருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கோளாறு பிடிபட்டுவிடும். பகிரும் முன் வைஃபை பெயரையும் மேக் முகவரியையும் அழித்துவிடுங்கள்.

11. கடைசியாக, காசு செலவழிப்பது

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குவதென்றால், வெளியிலிருந்து டிரைவர் கட்டத் தேவையில்லாத சிப் உள்ளதாகப் பாருங்கள். பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு' என்று போட்டிருப்பது பல சமயம் பழைய கெர்னலுக்கான ஒரு ஸிப் கோப்பையே குறிக்கும். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு சிப்களும் வருகின்றன. அதனால் திருப்பித் தரும் காலக்கெடு உள்ள இடத்தில் வாங்கி, செருகியதும் 'எல்எஸ்யூஎஸ்பி' தட்டிக் குறியீட்டைச் சரிபாருங்கள். லேப்டாப்பின் உள்கார்டையே மாற்ற நினைத்தால், சில தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டியலில் உள்ள கார்டுகளை மட்டுமே பயாஸில் அனுமதிக்கிறார்கள். சில கார்டுகள் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டும் இருக்கும். சர்வீஸ் கையேட்டைப் பார்த்த பிறகே கார்டுக்குப் பணம் கட்டுங்கள்.